பயணிக்கு உடனடித் தகவல்: பகிர்வுக் கடப்பாடும் அதன் சிக்கல்களும்

புது தில்லி ரயில் நிலையத்தில் இறங்கும் பயணி ஒருவர் மெட்ரோ ரயிலில் சென்று, பின்னர்ப் பேருந்தில் ஏறி இல்லம் சேர்வதாகக் கொள்வோம். அவருக்கு இது ஒரே பயணம். நிருவாக நோக்கிலோ இது மூன்று பயணங்கள். ரயில் மத்திய அரசினுடையது; மெட்ரோ நிறுவனம் மத்திய அரசும் தில்லி அரசும் சமபங்கு கொண்டது; நகரப் பேருந்துகள் தில்லி அரசின் பொறுப்பு. சாலை நெரிசலைக் கவனிக்கும் காவல் துறை மத்திய உள்துறையின் கீழ் இயங்குவது. ரயில் தாமதமாயின் கடைசிப் பேருந்து கிடைக்குமா என்ற எளிய வினாவுக்கு, இந்நான்கில் எதுவும் தனித்து விடை கூற இயலாது.

கருவியா குறை?

ரயில் எஞ்சின்களில் இஸ்ரோவின் ஒத்துழைப்புடன் பொருத்தப்படும் கருவிகள், 30 விநாடிக்கு ஒருமுறை ரயிலின் இருப்பிடத்தைத் தெரிவிக்கின்றன. தில்லியில் பேருந்து விவரங்களை எவரும் பயன்படுத்தத்தக்க வகையில் வெளியிடும் ஏற்பாடு 2018-இல் தொடங்கப்பட்டது. மூன்று சக்கர வாகனங்கள் போன்ற சில நீங்கலாக, 2019 ஜனவரி 1 முதல் பதிவாகும் புதிய பொதுப் பயண வாகனங்களில் இருப்பிடங்காட்டும் கருவி இருத்தல் வேண்டும் என்று மத்திய மோட்டார் வாகன விதிகள் வகுக்கின்றன. எனினும் இவ்விதியின் நோக்கம் பயணியின் பாதுகாப்பே. நிறுத்தத்தில் காத்திருப்பவருக்குச் செய்தி தருவது அன்று. ஆகவே, கருவி உண்டு, கடப்பாடு இல்லை.

அதிகாரப் பகிர்வு

அரசியலமைப்பின் ஏழாவது அட்டவணைப்படி ரயில்வே மத்தியப் பட்டியலிலும், தேசிய நெடுஞ்சாலை அல்லாத சாலைகள் மாநிலப் பட்டியலிலும், இயந்திர வாகனங்கள் பொதுப் பட்டியலிலும் உள்ளன. ஒரே ஆணையால் அனைவரையும் கட்டுப்படுத்துதல் எளிதன்று. பெருநகரங்களுக்கு ஒருங்கிணைந்த போக்குவரத்து ஆணையம் வேண்டுமென 2006-இன் தேசிய நகர்ப்புறப் போக்குவரத்துக் கொள்கை பரிந்துரைத்தது. 2017-இன் மெட்ரோ ரயில் கொள்கை, மத்திய உதவி பெறுவதற்கு அதனை நிபந்தனையாக்கியது. ஆனால், ஆணையம் அமைப்பது வேறு; அதன் சொல்லுக்குப் பிற நிறுவனங்கள் கட்டுப்படுவது வேறு.

செலவு யாருக்கு, பயன் யாருக்கு?

பொருளாதார நோக்கில் இதுவே சிக்கலின் மையம். தகவலைத் திரட்டிச் சீர்செய்து அனுப்பும் செலவு பேருந்துக் கழகத்தைச் சாரும். பயனின் ஒரு பகுதி மெட்ரோவுக்கும் ரயிலுக்கும் செல்லும். நட்டத்தில் இயங்கும் கழகம் தானே முன்வந்து இச்செலவை ஏற்கும் என எதிர்பார்ப்பதற்கில்லை. மேலும், வெளியிடப்படும் ஒவ்வொரு தாமதமும் அந்நிறுவனத்தின் குறைக்குச் சான்றாகி விடுமோ என்னும் அச்சமும் உண்டு.

தரம் பற்றிய இடர்களும் சிறியன அல்ல. ஒரே நிறுத்தத்துக்கு இரு நிறுவனங்கள் இரு பெயர் இட்டிருப்பின் இணைப்பைக் கணக்கிட இயலாது. பத்து நிமிடப் பழமையான செய்தி, பேருந்துப் பயணிக்குத் தவறான செய்தியே ஆகும்.

ஓர் அயல்நாட்டு அனுபவம்

அமெரிக்காவில் 2005-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி 2010-இல் வெளியான விதி, நெடுஞ்சாலைத் தகவலுக்கு 85 விழுக்காடு துல்லியத்தையும், பெருநகரங்களில் விபத்துச் செய்தியை 10 நிமிடத்துக்குள் தருவதையும் வரையறுத்தது. எந்தக் கருவியை வாங்குவது என்பதை அவ்விதி கூறவில்லை. விளைவை மட்டுமே கூறியது. அவகாசமும் ஆண்டுக்கணக்கில் தரப்பட்டது.

செய்யத்தக்கன

இந்தியாவில் பகிர்வைக் கட்டாயமாக்குவதாயின் மூன்று கூறுகள் இன்றியமையாதன. முதலாவது, நிறுத்தங்களுக்குப் பொதுவான பெயரும் எண்ணும். இரண்டாவது, பகிரும் நிறுவனத்துக்கு அச்செலவை ஈடுசெய்யும் நிதி. மூன்றாவது, துல்லியத்துக்கும் காலத்துக்கும் அளவுகோல். கைபேசி இல்லாத பயணியையும் மறத்தலாகாது. நிறுத்தத்தின் அறிவிப்புப் பலகையும் நிலையத்தின் ஒலிபெருக்கியும் அதே தகவலைத் தருதல் வேண்டும். இரவில் நிறுத்தத்தில் நிற்பவர் இன்னும் காத்திருப்பதா, வேறு வழி தேடுவதா என முடிவு செய்ய இயலும்போதுதான் தகவல் பகிர்வு தன் பயனை அடைந்ததாகும்.