மாடல் விமானத்துக்கு சர்வோ வாங்குகிறீர்களா?

ரேடியோ மூலம் இயங்கும் மாடல் விமானத்தில் எலிவேட்டர் சர்வோ நடுவானில் செயலிழந்தால் விமானத்தை மீட்பது கடினம். வாங்கும்போதே இவற்றைக் கவனியுங்கள்.

● முறுக்கு விசை: 1.8 கிலோ-செ.மீ. என்றால், அச்சிலிருந்து 1 செ.மீ. தொலைவில் 1.8 கிலோ எடையைத் தாங்கும் என்று பொருள். இது உச்ச அளவு. தேவையைவிட இரு மடங்கு திறன் உள்ளதையே எடுங்கள்.

● வேகம்: 60 டிகிரி திரும்ப ஆகும் நொடிக் கணக்கு இது. பயிற்சி விமானத்துக்கு 0.20 நொடி போதும். சாகச விமானத்துக்கு 0.10 நொடியை ஒட்டி இருக்கட்டும்.

● பல்சக்கரம்: எடை குறைந்த தெர்மாகோல் விமானத்துக்கு 9 கிராம் பிளாஸ்டிக் பல் சர்வோ போதும். தரையில் அடிபடக்கூடிய ரட்டர், மூக்குச் சக்கரம் ஆகியவற்றுக்கு உலோகப் பல் நல்லது.

● மின்னழுத்தம்: 6 வோல்ட் வரை மட்டுமே தாங்கும் சர்வோவை 2 செல் லிப்போ பேட்டரியில் நேரடியாக இணைக்காதீர்கள். முழு சார்ஜில் அது 8.4 வோல்ட் தரும்; சர்வோ கருகிவிடும்.

● போலி: பிரபல மாடல்களுக்குப் போலிகள் ஏராளம். விலை சந்தேகப்படும்படி குறைவாக இருந்தால் வாங்காதீர்கள்.

● சோதனை: பொருத்துமுன் சர்வோ டெஸ்டரில் சில நிமிடங்கள் ஓட்டுங்கள். ஒவ்வொரு முறையும் சரியாக நடுநிலைக்குத் திரும்ப வேண்டும். கை நடுங்குவதுபோல் துடித்தாலோ, அச்சில் ஆட்டம் இருந்தாலோ, சூடேறினாலோ ஒதுக்கிவிடுங்கள்.

பணத்தை மிச்சப்படுத்த வேண்டுமென்றால் வேறு பாகங்களில் பாருங்கள். எலிவேட்டர் சர்வோவில் மட்டும் வேண்டாம்.