யாரும் கை தூக்காத டூட்டி

ஆண்டு விழா கமிட்டிக்கு ஆள் கேட்டால் ஸ்டாஃப் ரூமில் பத்துக் கை உயரும். பேச்சு வராத, சக்கர நாற்காலியில் வரும் பிள்ளைகளை மேடைக்கும் மைதானத்துக்கும் கொண்டுவர ஆள் கேட்டால் எல்லோரும் நோட்டுத் திருத்தத் தொடங்கிவிடுவார்கள். புதிதாகச் சேர்ந்த டீச்சரா நீங்கள்? அந்தப் பொறுப்பைக் கேட்டு வாங்குங்கள். போட்டிக்கு ஆளே இல்லை.

1. எச்.எம். அறைக்கு வெறுங்கையோடு போகாதீர்கள். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016, பிரிவு 16, விளையாட்டிலும் பொழுதுபோக்கிலும் சமவாய்ப்பைப் பள்ளியின் கடமையாகச் சொல்கிறது. அதை ஒருமுறை சொன்னால் போதும், மிரட்ட வேண்டாம். எந்தப் பீரியட், எந்த இடம், துணைக்கு யார், செலவு எவ்வளவு என்று ஒரு பக்க பிளானை நீட்டுங்கள்.

2. போச்சா கற்றுக்கொள்ளுங்கள். கை கால் அசைவு மிகக் குறைந்தவர்களும் ஆடக்கூடிய விளையாட்டு. 1984 முதல் பாராலிம்பிக்கில் இருக்கிறது. ஒரு பக்கத்துக்கு ஆறு சிவப்புப் பந்து, எதிர்ப் பக்கத்துக்கு ஆறு நீலப் பந்து. இலக்கான வெள்ளைப் பந்தை யாருடைய பந்து அதிகம் நெருங்குகிறதோ அவர்களுக்குப் பாயின்ட். பந்தை எறியவே முடியாதவருக்குச் சாய்தளம் உண்டு. தலையில் கட்டிய குச்சியாலும் பந்தைத் தள்ளலாம். சாய்தளத்தைத் திருப்பிவைக்கும் உதவியாளர் களத்துக்கு முதுகு காட்டித்தான் இருக்க வேண்டும், திரும்பிப் பார்க்கக் கூடாது. குறி ஆட்டக்காரருடையது. இந்த ஒரு விதியை உங்கள் எல்லா ஆக்டிவிட்டிக்கும் கடன் வாங்குங்கள்: உதவி செய்கிறேன் என்று முடிவையும் நீங்களே எடுத்துவிடாதீர்கள்.

3. நாடகத்தில் பிள்ளையை மரமாக நிறுத்திக் கைதட்டல் வாங்குவது மலிவான வேலை. அழுத்தினால் பதிவுசெய்த குரல் ஒலிக்கும் பட்டனைக் கொடுங்கள். அந்த வசனம் வராமல் கதை நகரக் கூடாது. படங்களைத் தொட்டுப் பேச வைக்கும் 'ஆவாஸ்' ஆப் சென்னையில் உருவானதுதான். பதில் வரக் காத்திருக்க மற்ற பிள்ளைகளைப் பழக்குங்கள். அதுதான் கஷ்டம், ஆசிரியர்களுக்கு இன்னும் கஷ்டம்.

4. ஸ்கூல் முடிந்த பிறகு ப்ராக்டிஸ் வைத்தால் வேன் போய்விடும். பி.டி. பீரியடில் வையுங்கள். டாய்லெட், மருந்து நேரம் இரண்டையும் அம்மாவிடம் முன்கூட்டியே கேளுங்கள்.

5. எல்லாவற்றையும் ரெக்கார்ட் பண்ணுங்கள். பெற்றோர் எழுத்தில் அனுமதி தராமல் ஒரு போட்டோகூட வேண்டாம். அடுத்த இன்டர்வியூவில் 'சேவை மனப்பான்மை' என்று ஆரம்பித்தால் பேனல் கொட்டாவி விடும். எந்த ஆக்டிவிட்டியை எப்படி மாற்றினீர்கள், அந்தப் பிள்ளை எதைத் தானே தேர்ந்தெடுத்தது என்று சொல்லுங்கள். இந்தத் துறையிலேயே நிலைக்க ஆசையா? சிறப்புக் கல்வியில் பி.எட். முடித்து, இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவு எண் வாங்கிவிடுங்கள்.