பாலை வழியில் இருவர்

நுழையும்முன்

பாழடைந்த பெருநகரங்களைக் காண்போர் அவற்றைக் கட்டியவர்களை எண்ணி வியப்பர்; அவற்றின் வாயில்வரை வழிகாட்டி அழைத்து வந்தவர்களை எண்ணுவோர் சிலரே. தொடர்வண்டியும் ஒளிப்படக் கருவியும் தோன்றாத காலத்தில், நைல் ஆற்றங்கரையிலும் சாக்கடலின் தெற்கிலும் ஒன்றாகத் திரிந்த நண்பர் இருவரின் பயணத்தை இப்பாடம் கூறுகிறது.

நெப்போலியனுக்கு எதிரான நெடும்போர் 1815ஆம் ஆண்டு முடிவுற்றது. அதன்பின் பிரித்தானியக் கடற்படையின் அதிகாரிகள் பலர் பாதி ஊதியம் பெற்றுக்கொண்டு, கப்பலின்றிக் கரையில் காத்திருந்தனர். சார்லஸ் லியோனார்டு இர்பி, ஜேம்ஸ் மேங்கிள்ஸ் என்னும் இருவரும் அக்கடற்படையைச் சேர்ந்தவர்கள். கப்பலில் ஒரே மேசையில் உண்டு பழகிய தோழர்கள். 1816ஆம் ஆண்டுக் கோடையில் இவர்கள் இங்கிலாந்தை விட்டுப் புறப்பட்டபோது ஐரோப்பிய நாடுகளைச் சுற்றிப் பார்த்துத் திரும்புவதே நோக்கமாக இருந்தது. இர்பிக்கு அப்போது வயது 26. மேங்கிள்ஸ் அவரினும் சில ஆண்டுகள் மூத்தவர். ஒரு நாட்டைக் கண்டபின் அடுத்த நாடு அழைத்தது. சில மாதங்களில் முடிய வேண்டிய சுற்றுலா, எகிப்து, நூபியா, சிரியா, பாலத்தீனம், ஆசியா மைனர் என ஆண்டுக்கணக்கில் நீண்டது.

மணலுக்குள் ஒரு கோயில்

1817ஆம் ஆண்டு நைல் ஆற்றின் வழியே தெற்கு நோக்கிச் சென்ற நண்பர்கள் பிலே தீவில் பெல்சோனி என்னும் இத்தாலியரைச் சந்தித்தனர். ஒரு காலத்தில் மேடைகளில் தம் உடல்வலிமையைக் காட்டிப் பிழைத்தவர் அவர்; அப்போது எகிப்திலிருந்த பிரித்தானியத் தூதருக்காகத் தொல்பொருள்களைத் தேடிக்கொண்டிருந்தார். அபு சிம்பெல் என்னுமிடத்தில் குன்றைக் குடைந்து அமைக்கப்பட்ட பெருங்கோயில் ஒன்று மணலில் புதைந்து கிடப்பதை 1813ஆம் ஆண்டு புர்க்ஹார்ட் என்னும் சுவிட்சர்லாந்துப் பயணி கண்டறிந்திருந்தார். அதன் வாயிலைத் திறக்கப் பெல்சோனி 1816ஆம் ஆண்டு முயன்று தோற்றார். இரண்டாம் முறை முயலச் சென்றவரோடு இர்பியும் மேங்கிள்சும் இணைந்தனர்.

அங்கிருந்த இடர் மணலின் இயல்பிலேயே இருந்தது. மண்ணைத் தோண்டினால் குழி நிற்கும். காய்ந்த மணலைத் தோண்டினால் மேலிருந்து சரிந்து, தோண்டிய இடத்தையே நிரப்பிவிடும். ஒரு கூடை அள்ளினால் ஒரு கூடை இறங்கும். குன்றின் உச்சியிலிருந்து வாயில்வரை ஒரே சரிவாகக் கிடந்த அம்மணலை அகற்ற, உள்ளூர்த் தலைவர்களோடு கூலி பேசி ஆட்கள் அமர்த்தப்பட்டனர். தலைவர்களின் கேட்பு நாளுக்குநாள் கூடியது. வேலையோ நாளுக்குநாள் குறைந்தது. இதற்கிடையில் நோன்பு மாதம் பிறந்தது. தண்ணீரும் அருந்தாமல் ஆடி வெயிலில் மணல் அள்ள எவரால் இயலும்? ஆட்கள் நின்றுவிட்டனர்.

அதன்பின் நடந்ததுதான் இப்பயணத்தில் நெஞ்சில் நிற்கும் பகுதி. பெல்சோனி, தூதரின் செயலர் பீச்சி, கடற்படை அதிகாரிகள் இருவர், மொழிபெயர்ப்பாளராகவும் வழித்துணையாகவும் வந்த ஃபினாட்டி, பணியாளர்கள், படகோட்டிகளுள் சிலர் என ஒரு சிறு கூட்டம் மேலாடையைக் களைந்து மணல் அள்ளத் தொடங்கியது. விடியுமுன் தொடங்கி வெயில் ஏறும்வரை வேலை. வெயில் தாழ்ந்தபின் மீண்டும் இருட்டும்வரை வேலை. ஊரார் உணவுப்பொருள் தர மறுத்ததால் சோளமே உணவாயிற்று. கப்பலில் ஆணையிட்டுப் பழகியவர்கள் இங்குக் கூலியாட்களாயினர். நட்பு எவ்வளவு உறுதியானது என்பதை அறிய இதனினும் கடிய உலையைத் தேடிக் கண்டுபிடிக்க இயலாது. ஒருவர் 'போதும்' என்று சொல்லியிருந்தால் மற்றவரும் படகேறியிருப்பார். இருவருள் எவரும் சொல்லவில்லை.

1817 ஆகஸ்டு முதல் நாள் விடியற்காலையில், வாயிலின் மேல் விளிம்பில் ஓர் ஆள் நுழையும் அளவுக்குத் துளை கிடைத்தது. உடல் மெலிந்த ஃபினாட்டி முதலில் உள்ளே நுழைந்தார் என்பர். உள்ளே எட்டுத் தூண்களைச் சார்ந்து நின்ற மாபெரும் உருவங்களும், சுவர் முழுதும் போர்க்களக் காட்சிகளும் விளக்கொளியில் தெரிந்தன. தேர்கள் பாய்கின்றன, வில் வளைகின்றது, பகைவர் வீழ்கின்றனர். அடைபட்ட காற்றின் வெப்பமோ தாங்க முடியாததாயிருந்தது. படம் வரைய முயன்றபோது கையிலிருந்து வடிந்த வியர்வை தாளை நனைத்துக் கெடுத்தது.

ஒன்றை இங்குக் கருத வேண்டும். அவ்வளவு பாடுபட்டு நுழைந்தவர்களுள் ஒருவருக்கும் அச்சுவரில் எழுதியிருந்த ஓர் எழுத்தும் தெரியாது. அக்கோயிலைக் கட்டிய மன்னன் யார் என்பதையும் அவ்வெழுத்திலிருந்து அறிய வழியில்லை. எகிப்தியச் சித்திர எழுத்தைப் படிக்க அன்று உலகில் எவராலும் இயலவில்லை. ஐந்து ஆண்டுகள் கழித்து, 1822 செப்டம்பரில், பாரிசில் இருந்த சாம்போலியன் என்னும் அறிஞரிடம் வேறொரு பயணி வரைந்த அபு சிம்பெல் கல்வெட்டுப் படிகள் வந்து சேர்ந்தன. அவற்றில் நீள்வட்டக் கோட்டுக்குள் எழுதப்பட்டிருந்த பெயரை அவர் 'ராமேசஸ்' என்று படித்தார். மறைந்துபோன ஓர் எழுத்துமுறை மீண்டும் பேசத் தொடங்கிய நிகழ்வுகளுள் அதுவும் ஒன்று.

தெரிந்து தெளிவோம்

அபு சிம்பெல் பெருங்கோயில் கி.மு. 13ஆம் நூற்றாண்டில் இரண்டாம் ராமேசஸ் மன்னனால் அமைக்கப்பட்டது. அதன் முகப்பில் ஏறத்தாழ 20 மீட்டர் உயரமுள்ள நான்கு அமர்ந்த சிலைகள் உள்ளன. அஸ்வான் உயர் அணையின் நீரில் மூழ்காமலிருக்க, 1964 முதல் 1968 வரை அக்கோயில் துண்டு துண்டாக அறுத்தெடுக்கப்பட்டு மேட்டு நிலத்தில் மீண்டும் பொருத்தப்பட்டது.

புகழுக்கு மயங்காத கண்

எகிப்திலிருந்து சிரியாவுக்குச் சென்ற நண்பர்கள், பாலையின் நடுவே தூண்கள் வரிசையாய் நிற்கும் பால்மைராவையும் கண்டனர். அதன் அழகை ஐரோப்பா அதற்கு முன்பே அரை நூற்றாண்டுக்கும் மேலாகப் போற்றி வந்தது. தொலைவிலிருந்து காணும்போது அவ்வெண்ணிறத் தூண்வரிசை இவர்களையும் கவர்ந்தது. அருகில் சென்று ஒவ்வொன்றாக நோக்கியபின், தனித்தனியே வியக்கத்தக்க வேலைப்பாடு அங்கு ஏதுமில்லை என்று வெளிப்படையாக எழுதிவிட்டனர். இத்தீர்ப்பு கடுமையானது, ஏற்கத்தக்கதும் அன்று. நைல் கரையின் மலையனைய கற்களைக் கண்டு வந்த கண்ணுக்குப் பால்மைராவின் நுண்மை சிறிதாகத் தோன்றியிருக்கலாம். ஆயினும், பெரியோர் புகழ்ந்ததைத் தாமும் புகழ்ந்தாக வேண்டும் என்று எண்ணாமல் கண்டதை எழுதிய நேர்மை, அவர்கள் பிறவிடங்களைப் புகழும்போது அச்சொல்லை நம்பவைக்கிறது. அவர்கள் அளந்து பார்த்த அந்நகரின் பேல் கோயில் 2015ஆம் ஆண்டு வெடிவைத்துத் தகர்க்கப்பட்டது.

சாக்கடலின் தெற்கே

1818ஆம் ஆண்டு மே மாதம். எருசலேமிலிருந்து பெட்ராவுக்குச் செல்ல இருவரும் முடிவு செய்தனர். பேங்க்ஸ், லீ என்னும் வேறிரு ஆங்கிலேயரும் உடன் சேர்ந்தனர். நபதேயர் என்னும் பழங்குடி வணிகர்களின் தலைநகராக விளங்கி, பின்னர் வெளியுலகின் நினைவிலிருந்து நழுவிய ஊர் பெட்ரா. 1812ஆம் ஆண்டு, முன்னர்க் கூறிய அதே புர்க்ஹார்ட், இசுலாமியப் பயணியாக வேடம் பூண்டு, ஆரோன் கல்லறையில் ஆடு பலியிடப் போவதாகச் சொல்லி அவ்வழியே நடந்தார். ஐயம் எழுமென்று அஞ்சி நின்று பார்க்கவும் இயலாமல் திரும்பினார். அவர் 1817 அக்டோபரில் கெய்ரோவில் இறந்துவிட்டார்.

துருக்கிய அரசின் அலுவலர்களிடம் நண்பர்கள் பாதுகாப்புக் கடிதம் கேட்டனர். ஒருவர் மற்றவரைக் கைகாட்டினார். மற்றவர் அப்பகுதி தம் அதிகாரத்துக்கு உட்பட்டதன்று என்றார். கடிதம் கிடைக்கவில்லை. ஆகவே அரபு உடை உடுத்து, இர்பி 'அப்துல்லா' என்றும் மேங்கிள்ஸ் 'ஹசன்' என்றும் பெயர் சூட்டிக்கொண்டு புறப்பட்டனர். உடன் நடந்தோர் இவர்கள் யார் என்பதை அறிந்தே இருந்தனர். வேடம் தொலைவில் நின்று பார்ப்போருக்காகவே.

சாக்கடலின் தென்கரையைச் சுற்றிச் சென்றது வழி. உப்புப் படிந்த சேற்று நிலம். மீன் வாழாத நீர். கரையோரத்தில் சிறு மரம்போல் வளர்ந்த ஒரு செடி. 'சோதோம் ஆப்பிள்' என்று மேலைநாட்டார் கதைகட்டிய காய் அதில் காய்த்திருந்தது. கையில் எடுத்துப் பிசைந்தால் உள்ளே சதை இராது. காற்றும் நாரும்தான் இருக்கும். பாவம் செய்த நகரத்தின் சாம்பலைத் தன்னுள் அடக்கிய காய் என்பது பழங்கதை. தமிழ்நாட்டு மாணவர் எவரேனும் அங்குச் சென்றிருந்தால் சிறிதும் வியந்திருக்கமாட்டார். அது நம் ஊர்ச் சாலையோரத்தில் நிற்கும் எருக்கின் இனமே. அதன் பஞ்சை அரேபியர் முறுக்கித் துப்பாக்கித் திரியாகப் பயன்படுத்தினர்.

வாதி மூசாவின் நீர்

கெரக் கோட்டையின் தலைவர் ஷேக் யூசுப், பேசிய தொகையைப் பெற்றுக்கொண்டு துணைவர இசைந்தார். தெற்கே செல்லச் செல்ல அவருடைய சொல்லின் வலிமை குறைந்தது. பெட்ராவின் வாயிலில் உள்ள வாதி மூசா ஊரின் தலைவர் அபு ஜைத்தூன், 'இவர்கள் எம் நிலத்தில் நுழையவும் கூடாது; எம் நீரைப் பருகவும் கூடாது' என்று சூளுரைத்தார். அப்பகுதியில் வலிமை பெற்றிருந்த மற்றொரு தலைவர் அபு ரஷீத், 'என் விருந்தினர் அங்குச் சென்றே தீர்வர்' என்று எதிர்ச்சூளுரைத்தார். இரு தரப்பும் ஆயுதம் திரட்டின. காணவேண்டிய குன்றுகள் தொலைவில் தெரிய, நண்பர்கள் கூடாரத்தில் நாள்களை எண்ணிக்கொண்டிருந்தனர்.

இக்கதையைச் சொல்லும் மேலைநாட்டு நூல்கள் அபு ஜைத்தூனை முரடர் என்றே காட்டும். அவருடைய பக்கத்தையும் கேட்க வேண்டாவா? பாலையில் ஊற்று என்பது உயிர். வந்தவர்கள் மந்திரத்தால் நீரை வற்றச் செய்வர், புதையலைக் கவர்ந்து செல்வர் என்று அவ்வூரார் அஞ்சினர். மந்திரம் பற்றிய அச்சம் வீண்தான். கவர்ந்து செல்வர் என்ற அச்சத்தை அவ்வாறு தள்ளிவிட இயலாது. தேபசு நகரில் கிடந்த ராமேசசின் சிலைத்தலையைப் பெல்சோனி 1816ஆம் ஆண்டு ஆற்றங்கரைக்கு இழுத்து வந்தார். அது இன்று இலண்டன் அருங்காட்சியகத்தில் உள்ளது. மணல் நீக்கிய கைகளும் சிலையைப் பெயர்த்த கைகளும் ஒரே கூட்டத்தைச் சேர்ந்தவை. இர்பியும் மேங்கிள்சும் பெட்ராவைக் காணவே வந்தனர் என்பது உண்மை. அதை அபு ஜைத்தூன் எவ்வாறு அறிவார்?

முடிவில் போர் மூளவில்லை. அபு ரஷீதின் உறுதியைக் கண்டு எதிர்த்தரப்பு பின்வாங்கியது.

இரண்டு நாள்

ஏறத்தாழ 1.2 கிலோமீட்டர் நீளமுள்ள மலைப்பிளவு ஒன்று பெட்ராவுக்கு வாயிலாக அமைந்துள்ளது. 'சீக்' என்பது அதன் பெயர். இருபுறமும் செங்குத்தான பாறை. மேலே நூல்போல் ஒரு வானம். பாறைச் சுவரில் இடுப்பளவு உயரத்தில் ஒரு கால்வாய் வெட்டப்பட்டிருப்பதைக் காணலாம். வாதி மூசா ஊற்றின் நீர் அவ்வழியே நகருக்குள் ஓடியது. மற்றொரு புறத்தில் சுடுமண் குழாய்கள் பதிக்கப்பட்டிருந்தன. திடீர் வெள்ளம் பிளவுக்குள் பாயாதவாறு அதன் முகத்தில் அணை கட்டி, நீரைக் குகைவழியே திருப்பிவிட்டனர் நபதேயர். மழை அரிதான நிலத்தில், பெய்த சில நாள் மழையைத் தொட்டிகளில் தேக்கி ஒரு பெருநகரை வாழவைத்தவர்கள் அவர்கள். முகப்புகளின் அழகைக் கண்டு மயங்குவோர் பலரும் இக்கால்வாயைக் கடந்து போய்விடுகின்றனர். கல்லைச் செதுக்கக் கலை போதும். அந்நகரம் நிலைக்க இந்நீர்ப்பணி வேண்டியிருந்தது.

பிளவு முடியுமிடத்தில், இருளுக்கு எதிரே இளஞ்சிவப்பாய் ஒளிரும் 'கஸ்னா' தோன்றுகிறது. சுமார் 40 மீட்டர் உயரத்துக்கு ஒரே பாறையில் செதுக்கிய முகப்பு அது. அதன் உச்சியிலுள்ள கற்கலயத்தில் பொன் இருப்பதாக நம்பி, அதை உடைக்கச் சுட்ட குண்டுகளின் தழும்புகள் இன்றும் உள்ளன. உள்ளே நாடக அரங்கம் ஒன்றும் பாறையில் குடையப்பட்டிருந்தது; அதற்கு இடம் செய்யப் பழைய கல்லறைகள் சிலவற்றை வெட்டி அழித்திருந்தனர். இருந்த இரண்டு நாளில் பேங்க்ஸ் விடாது படம் வரைந்தார். நண்பர்கள் இருவரும் குறிப்பெடுத்தனர்.

ஆரோன் கல்லறை அமைந்த மலையின் மீது ஏறியபோது, எதிர்ப்புறக் குன்றுகளின் நடுவே மற்றொரு பேரழகு முகப்பு தொலைநோக்கியில் தெரிந்தது. இன்று 'தெய்ர்' என அழைக்கப்படும் அது, கஸ்னாவினும் பெரியது. அங்குச் செல்ல வழி தேடினர். பள்ளங்களும் பிளவுகளும் பின்னிய அப்பாறைக்காட்டில் வழி புலப்படவில்லை. தங்குவதற்கு நாளும் இல்லை. இசைவு கொடுத்தோரின் பொறுமைக்கும் எல்லை உண்டு. திரும்பினர்.

1823ஆம் ஆண்டு இருவர் பெயரிலும் அவர்கள் எழுதிய மடல்கள் நூலாகத் தனிச்சுற்றுக்கு அச்சிடப்பட்டன. 1825ஆம் ஆண்டு மேங்கிள்சின் தங்கையை இர்பி மணந்தார். நூல் 1844ஆம் ஆண்டு பொதுமக்களுக்காக மீண்டும் வெளிவந்தது. மறு ஆண்டு இர்பி மறைந்தார். மேங்கிள்ஸ் 1867வரை வாழ்ந்தார்.

பெட்ரா 1985ஆம் ஆண்டு உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவிக்கப்பட்டது. அதன் குகைகளில் தலைமுறைகளாக வாழ்ந்த பதூல் குடியினர் அக்காலத்தில் அருகிலுள்ள மேட்டில் கட்டப்பட்ட புதிய ஊருக்குக் குடிபெயர்க்கப்பட்டனர். நண்பர்களுக்கு வழி தெரியாமற்போன தெய்ருக்கு எண்ணூறுக்கும் மேற்பட்ட படிகள் ஏறிச் செல்கின்றன. நாள்தோறும் காலையில் பதூல் இளைஞர்கள் அம்மேட்டிலிருந்து இறங்கி வந்து, அப்படிகளின் அடியில் பயணிகளுக்காகக் காத்திருக்கின்றனர்.