எலிக் காய்ச்சலும் சுவாசப்பைக்கு நேரும் அபாயமும்

2015-ஆம் வருஷம் டிசம்பர் மாதம் 1, 2 தேதிகளில் அடையாறு கரைபுரண்டு சைதாப்பேட்டை, கோட்டூர்புரம் முதலிய பகுதிகளை மூழ்கடித்தது. ஏரியைத் தூர்த்து 1920-களில் உண்டாக்கப்பட்ட தியாகராயநகரிலும், மயிலாப்பூர்த் தாழ்ந்த வீதிகளிலும் பெருமழைக் காலத்தில் ஜலம் தேங்குவதுண்டு. இப்பகுதிகளில் கறவை மாடு வளர்ப்போரும், எங்கும் சேற்றில் இறங்கி உழைக்கும் குடியானவர்களும் இத்தகைய ஜலத்தால் விளையும் எலிக் காய்ச்சலைப் பற்றி அறிந்திருத்தல் அவசியம்.

நோயின் காரணம்

எலி, மாடு, பன்றி, நாய் முதலியவற்றின் மூத்திரத்தில் லெப்டோஸ்பைரா என்னும் கிருமி வெளிப்படுகின்றது. ஈர மண்ணிலும் தேங்கிய நீரிலும் அது வாரக்கணக்கில் உயிருடன் இருக்கவல்லது. பித்தவெடிப்பு, சிராய்ப்பு, நீரில் ஊறிய தோல், கண், வாய் ஆகியவற்றின் வழியே தேகத்திற் புகும். இந்நோயின் கடுமையான வகையை 1886-இல் ஜெர்மானிய வைத்தியர் வைல் விவரித்தார். கிருமியை 1915-இல் ஜப்பானியரான இனாடாவும் அவருடைய துணைவர்களும் கண்டறிந்தனர்.

சுவாசம் தடைப்படும் விதம்

கிருமி புகுந்து பெரும்பாலும் 5 முதல் 14 நாட்களுக்குள் ஜுரம், தலைவலி, கெண்டைக்கால் சதைவலி, கண் சிவப்பு ஆகியவை தோன்றும். பலர் குணமடைவர். சிலருக்கு மஞ்சட்காமாலை கண்டு, மூத்திரம் குறைந்து, சுவாசப்பையும் பழுதுபடும். அதிலுள்ள நுண்ணிய காற்றறைகளைச் சூழ்ந்த ரத்தக் குழாய்கள் கசிய, அவ்வறைகள் நீராலும் ரத்தத்தாலும் நிரம்பும். பிராணவாயு ரத்தத்திற் சேராது. இத்தகைய கடுஞ் சுவாசத் தடையை ஆஷ்பாவும் அவருடைய துணைவர்களும் 1967-இல் 12 நோயாளிகளைக் கொண்டு விவரித்தனர்.

நிமோனியா, ரத்தத்திற் கிருமி பரவுதல், நீரில் மூழ்குதல், பலத்த காயம், பாராகுவாட் என்னும் களைக்கொல்லி வயிற்றிற் செல்லுதல் ஆகியவற்றாலும் சுவாசப்பை இவ்வாறு கெடக்கூடும். புகை பிடிப்போருக்கும் மிதமிஞ்சி மது அருந்துவோருக்கும் அபாயம் அதிகம்.

கைக்கொள்ள வேண்டிய முறைகள்

1. ரணத்தை மூடிக்கட்டாமலும் ரப்பர் பூட்ஸ் அணியாமலும் தேங்கிய நீரில் இறங்கலாகாது.

2. தானியத்தையும் தீவனத்தையும் எலி அணுகாதபடி வைத்தல் வேண்டும்.

3. தொழுவத்து மூத்திரம் தேங்காமல் வடிய வாய்க்கால் அமைத்தல் நன்று. பார்வைக்கு ஆரோக்கியமான மாடும் கிருமியை வெளியிடக்கூடும். பசுக்களுக்குக் கருச்சிதைவு அடிக்கடி நேரிடின் கால்நடை வைத்தியரிடம் தெரிவித்தல் வேண்டும்.

4. ஜுரம் கண்டவுடன் வைத்தியரை அடைந்து, தேங்கிய ஜலத்தில் இறங்கிய செய்தியையும் தவறாது கூறுதல் வேண்டும். டாக்ஸிசைக்ளின், பெனிசிலின் முதலிய மருந்துகள் தொடக்கத்திலேயே கொடுக்கப்படின் மிக்க பயன் தரும்.

ஜுரத்துடன் மூச்சு வாங்கினாலும், சளியில் ரத்தம் கண்டாலும், மறுநாள் வரையில் காத்திராமல் அன்றே ஆஸ்பத்திரிக்குச் செல்வது உயிரைக் காக்கும்.