காட்டு வான்கோழி வேட்டை

மூதுரை பயின்ற நாம் வான்கோழியை மயிலின் முன்னே நாணத்தக்கதொரு பறவையாகவே எண்ணிப் பழகியுள்ளோம். ஆயினும், வட அமெரிக்கக் காடுகளில் இயல்பாக வாழும் காட்டு வான்கோழியின் தன்மையை ஆராய்வோமாயின், அதனை இகழத் துணியோம். தேர்ந்த வேடரையும் ஏமாற்றித் தப்பவல்ல அப்பறவையை வேட்டையாடும் முறைகளை ஈண்டுச் சுருக்கமாக எடுத்துரைப்பாம்.

முதற்கண் அறியத்தக்கது அதன் பொறிகளின் ஆற்றலாம். வான்கோழிக்கு மோப்பவுணர்வு மிகக் குறைவு. ஆகலின், மான் வேட்டையாடுவோரைப் போலக் காற்றின் திசையைக் கருதி அஞ்ச வேண்டுவதில்லை. அதன் கண்களோ தலையின் இருபுறத்தும் அமைந்தவை; கழுத்தைச் சிறிது திருப்பின் 360 பாகையும் அவற்றிற்குப் புலனாம். நிறங்களையும் அவை பகுத்தறிவன. செவிப்புலனும் கூரியது. எனவே, மறைந்திருத்தலினும் அசையாதிருத்தலே தலையாய கலையென்க.

இளவேனிற் காலத்தில் சேவல் பெடையை அழைத்துக் கூவும். இரவில் மரக்கிளையில் தங்கும். மாலையில் வேடன் ஆந்தைபோலக் குரலெழுப்பின், சேவல் பலகாலும் எதிர்க்குரல் கொடுத்துத் தானிருக்கும் மரத்தைக் காட்டிவிடும். மறுநாள் விடியுமுன்னரே அவன் அம்மரத்திற்குச் சிறிது தொலைவிற் சென்று அமர்தல் வேண்டும். செல்லுங்கால், காய்ந்த சருகை விடுத்து ஈரநிலத்தை நாடுக. மேட்டின் உச்சியில் வானம் பின்னே தோன்ற நில்லற்க. ஒரே சீராய் அடிவையாது, இரண்டோரடி நடந்து, நின்று, மீண்டும் நடக்க. இரைதேடும் பறவை சருகைக் கிளறும் ஒலி அத்தகையதே. சீரான அடியொலியோ மனிதனைக் காட்டிக்கொடுக்கும். அமர்ந்தபின், சேவல் தோகையை விரித்துப் பின்புறம் காட்டி நிற்கும்பொழுதும், அதன் தலை மரத்தின் பின்னே மறையும்பொழுதுமே கையை அசைக்கலாம்.

இவற்றினும் இன்றியமையாதது ஒன்றுண்டு. மரத்தாலாய சிறு பெட்டியை உரசியும், வான்கோழியின் சிறகெலும்பாற் செய்த குழலை உறிஞ்சியும் வேடர் பெடையின் குரலை எழுப்புவர். அதனைக் கேட்ட மற்றொரு வேடன், பறவையென்றெண்ணிப் புதரூடே பதுங்கி வருவானாயின் நேர்வது யாது? மனிதனை மனிதன் சுட்ட துன்பங்கள் இவ்வாறே நிகழ்ந்துள்ளன. ஆதலின், பென்சில்வேனியா மாகாணத்தின் இளவேனில் வேட்டையில் பறவையைக் குரலால் அழைத்தே சுடல் வேண்டும். பதுங்கிச் சென்று அணுகுதல் விலக்கப்பட்டுள்ளது. சேவலின் தலை சிவப்பும் வெண்மையும் நீலமுமாகத் தோன்றுதலின், அந்நிறங்களை உடுத்தலும் ஆகாது. தோளினும் அகன்ற மரத்திற் சாய்ந்து, முதுகிற்குக் காவல் தேடி அமர்க. பறவையை முழுதும் கண்டு தெளிந்தாலன்றிச் சுடற்க.

காடழிவாலும் வரைகடந்த வேட்டையாலும் 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இப்பறவை பல மாகாணங்களில் அற்றொழிந்தது. 1937-ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட பிட்மன்–ராபர்ட்சன் சட்டம், துப்பாக்கி, தோட்டா முதலியவற்றின் மீதான வரிப்பணத்தைக் காட்டுயிர்ப் பாதுகாப்பிற்கு ஒதுக்கிற்று. பின்னர், ஓரிடத்துக் காட்டிற் பிடித்த பறவைகளைப் பிறவிடங்களிற் கொண்டுபோய் விட்டமையால் அவ்வினம் மீண்டும் பெருகிற்று.

ஆகவே, இவ்வேட்டையில் வல்லவன் விரைந்து பாய்பவன் அல்லன். அமைதியாய்ப் பொறுத்திருந்து, ஐயமுற்றவிடத்துக் கையை அடக்குபவனே ஆவான். அவனாற் பறவையினமும் பிழைக்கும். அயலிலுள்ள மனிதனும் பிழைப்பான்.