மாலை நேரத்துக் கண்ணாடி



மாலையில் நமது தொழுநோய்ப் பிரிவுக்கு வந்தீர்களானால், நோயாளிகள் தண்ணீர்த் தொட்டிகளில் பாதங்களை ஊறவைத்துக்கொண்டு வரிசையாக உட்கார்ந்திருப்பதைக் காண்பீர்கள். (உங்கள் காணிக்கையில் வாங்கிய தொட்டிகள்தான்!) சுமார் 20 நிமிடம் ஊறியபின் தடித்த தோலைக் கல்லால் தேய்த்து, எண்ணெய் பூசி, சிறு கண்ணாடியில் உள்ளங்காலைப் பார்ப்பார்கள். முள் உண்டா? கொப்புளம் உண்டா? நரம்பு மரத்துப்போனதால் வலி வந்து எச்சரிப்பதில்லை. விரல்கள் குறைந்துபோவது பெரும்பாலும் உணராமல் ஏற்படும் காயங்களினாலேயே என்று, 1946-ல் வேலூருக்கு வந்த டாக்டர் பால் பிராண்ட் எடுத்துக்காட்டினார்.

கூட்டு மருந்துச் சிகிச்சை 6 அல்லது 12 மாதங்களில் முடிந்துவிடும். பாதத்தைப் பார்ப்பதோ ஆயுள் முழுவதும்.

இச்சையடக்கம் என்றால் நம்மில் பலருக்கு லெந்து நாட்களில் இறைச்சியை விடுவதுதான் நினைவுக்கு வருகிறது. பவுல் அதை ஆவியின் கனிகளில் ஒன்றாக வைக்கிறார் (கலாத்தியர் 5). ஆகவே அது நம் சாமர்த்தியமல்ல. இரட்சிப்பும் சிலுவையில் முடிந்த காரியம், நாம் கூட்டவேண்டியது ஒன்றுமில்லை. ஆனாலும் பாவத்தினால் மரத்துப்போன மனச்சாட்சி ஒரே நாளில் உணர்வு பெற்றுவிடுவதில்லை. 1 கொரிந்தியர் 9-ம் அதிகாரத்தில் பந்தய வீரனின் பயிற்சியைப் பற்றி எழுதிய பவுல், முடிவில் பயப்படுவது பிறருக்குப் பிரசங்கித்த தன்னைக் குறித்தே.

அந்த வசனம் எனக்கானது. இறையியல் கல்லூரியில் விடியற்காலை மணி அடிக்கும், ஜெபிக்க எழுந்துவிடுவோம். ஊழியத்தில் மணி அடிக்க ஆளில்லை. சில வருடங்களுக்கு முன், வார்டுகளில் தினமும் வேதம் வாசித்து ஜெபித்த நான், எனக்கென்று வேதத்தைத் திறக்காமலே பல மாதங்களைக் கழித்தேன். ஒருவருக்கும் தெரியவில்லை. எனக்கும் வலிக்கவில்லை. ஓர் இரவு, குழந்தையை இழந்த ஒரு தாயின் அருகில் நின்றேன். வாயில் ஜெப வார்த்தைகள் தடையின்றி வந்தன; உள்ளே ஒன்றுமில்லை. அப்போதுதான் புண் எவ்வளவு ஆழம் என்று கண்டேன்.

மறுநாள் மாலை அந்தத் தொட்டிகளண்டை போய் உட்கார்ந்தேன். சிகிச்சை முடிந்து பல வருடங்களான ஒரு பெரியவர் கண்ணாடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏதாவது இருக்கிறதா, பெரியவரே?"

"இன்றைக்கு ஒன்றும் இல்லை, ஐயரே. நாளைக்குப் பார்க்கணும்."

இப்பொழுது படுக்குமுன் 139-ம் சங்கீதத்தை வாசித்து, அன்றைய நாளைத் திரும்பிப் பார்க்கிறேன்: யாரிடம் எரிந்து விழுந்தேன்? எந்தக் கட்டிலை நிற்காமல் தாண்டிப்போனேன்? பத்து நிமிடம்தான். சில இரவுகளில் பாதியிலேயே தூங்கிவிடுகிறேன். அப்படியானால் காலையில், வார்டுக்குள் கால்வைக்குமுன், மீதியைப் பார்த்துக்கொள்ளுகிறேன்.