ஒன்றரை டாலரில் ஒரு பள்ளி

முன்னுரை

"எதற்காகப் படிக்கிறாய்?" என்று எங்களைக் கேட்காதவர் இல்லை. டாக்டராவதற்கு, டீச்சராவதற்கு, பாங்கு வேலைக்கு என்று நாங்களும் விடையைத் தயாராக வைத்திருக்கிறோம். "பெண்ணுக்குப் பத்தாவது போதாதா?" என்று வீட்டார் கேட்கும்போது பேசாமல் தலைகுனிந்து நிற்கும் தோழியரும் எங்கள் வகுப்பில் உண்டு. இந்த விடைகள் எல்லாம் படிக்கின்ற பெண்ணை மட்டும் பற்றியவை. அவள் படிப்பினால் பக்கத்து வீட்டிற்கு என்ன நன்மை, அவள் வாழும் ஊருக்கு என்ன நன்மை என்று யாரும் கேட்பதில்லை. அந்தக் கேள்விக்குத் தம் வாழ்க்கையையே விடையாகத் தந்தவர் மேரி மெக்லவுட் பெத்யூன் அம்மையார். அமெரிக்காவில் டேடோனா என்னும் சிற்றூரில் பெண்கள் பள்ளி ஒன்றைத் தொடங்கி, அதன் தலைமையாசிரியையாகவும் அவ்வூரின் தொண்டராகவும் விளங்கிய அவருடைய வரலாற்றை இக்கட்டுரையில் காண்போம்.

பருத்திக் காட்டுச் சிறுமி

அமெரிக்காவில் அடிமை முறை 1865-இல் சட்டப்படி ஒழிக்கப்பட்டது. அதற்குப் பத்து ஆண்டுகள் கழித்து, 1875 ஜூலை 10 அன்று, தென் கரோலினா மாநிலத்தில் மேய்ஸ்வில் என்னும் ஊருக்கு அருகில் மேரி பிறந்தார். தந்தை சாமுவேல், தாய் பேட்ஸி இருவரும் அடிமைகளாக இருந்து விடுதலை பெற்றவர்கள். அவர்களுடைய பதினேழு குழந்தைகளுள் மேரி பதினைந்தாமவர். சிறு வயதிலேயே பருத்திக் காட்டில் வேலை செய்தார்.

வெள்ளையர் வீட்டுத் துணிகளை வெளுத்துக் கொடுப்பது தாயாரின் தொழில்களுள் ஒன்று. ஒருமுறை அவருடன் சென்ற மேரி, அந்த வீட்டில் கிடந்த ஒரு புத்தகத்தைக் கையில் எடுத்தார். அவ்வீட்டுச் சிறுமி, உனக்குத்தான் படிக்கத் தெரியாதே, கீழே வை என்று சொல்லிவிட்டாள். எப்படியாவது எழுத்துக் கற்றுவிட வேண்டும் என்ற வைராக்கியம் அன்று பிறந்ததாக அம்மையாரே பிற்காலத்தில் கூறியுள்ளார்.

பின்னர் மேய்ஸ்வில்லில் கறுப்பினக் குழந்தைகளுக்காக ஒரு மிஷன் பள்ளி தொடங்கப்பட்டது. அத்தனை பிள்ளைகளையும் அனுப்பும் வசதி அந்தக் குடும்பத்திற்கு இல்லை. மேரி மட்டும் நாள்தோறும் பல மைல் தூரம் நடந்து சென்று படித்தார். மாலையில் வீடு திரும்பியதும், அன்று கற்றதை உடன்பிறந்தோருக்குச் சொல்லிக் கொடுத்தார். கணக்குத் தெரிந்ததும் அக்கம்பக்கத்தாருக்குப் பருத்தி விற்ற கணக்கைப் பார்த்துச் சொன்னார். கற்றதைத் தனக்கென்று வைத்துக்கொள்ளாத பழக்கம் அவரிடம் அப்போதே வேரூன்றிவிட்டது.

மேற்படிப்புக்குப் பணம் வேண்டுமே! தொலைவில் டென்வர் நகரில் தையல் தொழில் செய்து வந்த மேரி கிரிஸ்மன் என்னும் அம்மையார், முன்பின் பாராத ஒரு மாணவியின் படிப்புக்காகத் தம் சேமிப்பைத் தந்தார். அந்த உதவி மேரிக்குக் கிடைத்தது. வட கரோலினாவில் ஸ்கோஷியா செமினரியில் 1894 வரை பயின்றார். பிறகு சிகாகோவில் மூடி வேதாகமப் பள்ளியில் ஓராண்டு படித்தார். ஆப்பிரிக்காவுக்குச் சென்று ஊழியம் செய்வதே அவரது கனவு. ஆனால் கறுப்பினத்தவருக்கு அங்கே பணியிடம் இல்லை என்ற பதிலே வந்தது. கனவு கலைந்தாலும் அவர் சோர்ந்துவிடவில்லை. தம் மக்களுக்குச் செய்ய வேண்டிய தொண்டு தம் நாட்டிலேயே இருப்பதை உணர்ந்து ஆசிரியை ஆனார்.

ஒன்றரை டாலரும் ஐந்து சிறுமியரும்

அக்காலத்தில் ப்ளோரிடா மாநிலத்தில் இரயில் பாதை வேலைக்காகக் கறுப்பினத் தொழிலாளர் குடும்பங்கள் பல வந்து குடியேறின. அவர்களுடைய பிள்ளைகளுக்குப் படிக்க வழியில்லை என்று அறிந்த அம்மையார், தம் சிறு மகன் ஆல்பர்ட்டை அழைத்துக்கொண்டு டேடோனா வந்து சேர்ந்தார். 1904 அக்டோபர் 3 அன்று ஒரு வாடகை வீட்டில் பள்ளி தொடங்கியது. கையில் இருந்த பணம் ஒன்றரை டாலர். மாணவியர் ஐந்து சிறுமியர். அவர்களோடு ஆல்பர்ட்டும் சேர்ந்து உட்கார்ந்தான்.

மரப்பெட்டிகளே மேசை நாற்காலிகள் ஆயின. எரிந்த விறகின் கரித்துண்டு பென்சில் ஆயிற்று. எல்டர்பெர்ரி என்னும் பழத்தின் சாறு மை ஆயிற்று. சர்க்கரைவள்ளிக் கிழங்கில் பலகாரம் செய்து தொழிலாளரிடம் விற்றுப் பள்ளியை நடத்தினார் அம்மையார். ஊர்க் குப்பை கொட்டிய நிலம் ஒன்றை 200 டாலருக்குப் பேசி, 5 டாலர் மட்டும் முன்பணம் கொடுத்து வாங்கினார். 1907-இல் அங்கே எழுந்த கட்டடத்திற்கு "விசுவாச மண்டபம்" என்று பெயர் சூட்டினார்.

செல்வர்களிடம் உதவி கேட்கவும் அவர் கூசவில்லை. சோப்புத் தொழிலில் புகழ்பெற்ற ஜேம்ஸ் கேம்பிள், பள்ளியைப் பார்க்க வந்தார். மரப்பெட்டிகளைக் கண்டு திகைத்து, நான் பொறுப்பேற்க வேண்டும் என்று சொன்ன பள்ளி எங்கே என்று கேட்டாராம். அது என் உள்ளத்தில் இருக்கிறது என்றாராம் அம்மையார். கேம்பிள் அப்பள்ளியின் அறங்காவலர் குழுத் தலைவரானார்.

பள்ளிச் சுவருக்கு வெளியே

"கற்பதற்காக நுழைவாய், தொண்டாற்றுவதற்காகப் புறப்படுவாய்" என்பது அப்பள்ளியின் குறிக்கோள் வாசகத்தின் பொருள். இதனைச் சுவரில் எழுதியதோடு அம்மையார் நின்றுவிடவில்லை. ஊருக்கு வெளியே பைன் மரங்களில் பிசின் எடுத்து டர்பன்டைன் காய்ச்சும் முகாம்கள் இருந்தன. அங்கே எழுத்தறியாமல் வளர்ந்த தொழிலாளர் குழந்தைகளுக்குச் சிறு பள்ளிகளை நடத்தினார்.

ஒருநாள் பள்ளி மாணவி ஒருத்திக்குக் குடல்வால் நோய் கண்டது. ஊரில் வெள்ளையருக்கு மட்டுமே மருத்துவமனை உண்டு. மிகவும் மன்றாடிய பின் அறுவைச் சிகிச்சை செய்தார்கள். ஆனால் அவளைப் படுக்க வைத்த இடமோ பின்புறத் தாழ்வாரம்! பார்க்கச் சென்ற அம்மையாரின் நெஞ்சு கொதித்தது. சுவர் இருந்தால்தானே சித்திரம் எழுதலாம்? உடல்நலம் இல்லாத மாணவிக்குப் பாடம் சொல்லி என்ன பயன்? 1911-இல் பள்ளிக்கு அருகிலேயே, இரண்டே படுக்கைகளுடன், மருத்துவமனை ஒன்றைத் திறந்தார். அது வளர்ந்து, செவிலியர் பயிற்சியும் அளித்தது. அது காத்த உயிர்கள் பல.

அஞ்சாத நெஞ்சம்

1920-இல் அமெரிக்கப் பெண்களுக்கு நாடு முழுவதும் வாக்குரிமை கிடைத்தது. ஆயினும் தென் மாநிலங்களில் கறுப்பின மக்கள் வாக்களிக்க முடியாதபடி வரியும் எழுத்தறிவுத் தேர்வும் தடையாக வைக்கப்பட்டன. தேர்வுக்காக அம்மையார் இரவு வகுப்பு நடத்தினார். வரிக்காக மிதிவண்டியில் வீடு வீடாகச் சென்று பணம் திரட்டினார். இதனால் சினம் கொண்ட கூ க்ளக்ஸ் க்ளான் என்னும் வெறிக் கூட்டத்தார், முகமூடி அணிந்து தேர்தலுக்கு முந்தைய இரவு பள்ளியைச் சூழ்ந்தார்கள். உள்ளே மாணவியர், வெளியே கைகளைக் கட்டிக்கொண்டு நின்ற தலைமையாசிரியை. வந்தவர்கள் மிரட்டிவிட்டுத் திரும்பிப் போனார்கள். மறுநாள் ஏறத்தாழ நூறு பேரை வாக்குச் சாவடிக்கு அழைத்துச் சென்றார் அம்மையார்.

1923-இல் அப்பள்ளி குக்மன் பள்ளியோடு இணைந்து, பெத்யூன்-குக்மன் கல்லூரியாக வளர்ந்தது. 1935-இல் கறுப்பினப் பெண்களின் தேசிய அவையை அவர் நிறுவினார். 1936 முதல் ரூஸ்வெல்ட் ஆட்சியில் இளைஞர் நலப் பணியில் உயர்பொறுப்பு வகித்தார். 1955 மே 18 அன்று டேடோனாவிலேயே காலமானார். தம் மக்களுக்கு அவர் ஓர் உயில் எழுதி வைத்தார். அன்பையும் நம்பிக்கையையும் கல்வித் தாகத்தையும் சொத்தாக விட்டுச் சென்றார். 2007-இல் அக்கல்லூரி பல்கலைக்கழகமாயிற்று. 2022-இல் அமெரிக்க நாடாளுமன்றக் கட்டடத்தில் ப்ளோரிடா மாநிலத்தின் சார்பாக அம்மையாரின் சிலை நிறுவப்பட்டது.

முடிவுரை

நாம் பதினைந்து வயது மாணவியர். நம்மால் மருத்துவமனை கட்ட இயலாது. ஆனால் மேரி தொடங்கியது மருத்துவமனையில் அல்லவே! அண்டை வீட்டாரின் பருத்திக் கணக்கில் அல்லவா தொடங்கினார்? பாங்கில் படிவத்தைக் கையில் வைத்துக்கொண்டு யாரைக் கேட்பது என்று தயங்கும் பாட்டிமார் நம் ஊரிலும் உண்டு. எந்த மாத்திரை காலைக்கு, எந்த மாத்திரை இரவுக்கு என்று தெரியாதவர்கள் நம் தெருவிலும் உண்டு. அவர்களுக்கு உதவப் பட்டம் பெறும்வரை காத்திருக்க வேண்டியதில்லை.

எங்கள் பெற்றோரிடம் ஒன்று சொல்ல ஆசைப்படுகிறோம். பதினேழு பிள்ளைகள் பிறந்த அந்த ஏழைத் தாய், மேரியைப் பருத்திக் காட்டிலேயே நிறுத்தியிருந்தால் அவ்வீட்டுக்குச் சில மூட்டைப் பருத்தி கூடுதலாகக் கிடைத்திருக்கும். பள்ளிக்கு அனுப்பியதால் ஓர் ஊருக்கே பள்ளியும் மருத்துவமனையும் கிடைத்தன. ஒரு பெண்ணின் படிப்பை எந்த வகுப்போடு நிறுத்தலாம் என்று யோசிக்கும்போது, அதனால் நிற்கப் போவது அவள் படிப்பு மட்டும்தானா என்பதையும் யோசித்துப் பார்க்குமாறு அன்புடன் வேண்டுகிறோம்.